என் கைபேசி வழியாக அவர் பார்த்த தெரு

என் பார்வை ஓரங்களிலிருந்து போகத் தொடங்கியது. முதலில் கதவு நிலைகளில் தோள் இடித்தது. அப்புறம் சாப்பிடும்போது பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளர் கண்ணில் படாமல் போனது. அப்போது சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருந்தேன். வரியின் நடுவே கண்ணை வைத்தால் அதன் தொடக்கமும் முடிவும் தெரியாது. சொல்லைச் சொல்லாகப் பார்க்க முடியாமல் எழுத்தெழுத்தாகத் தேடிப் படித்துக்கொண்டு சில வருடங்கள் ஓட்டினேன். விழித்திரை நோய், பரம்பரையாக வருவது, மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பதுகளின் நடுவில், கடைசியாக மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டமும் மூடிக்கொண்டது. இப்போது வெயிலா நிழலா என்று தெரியும். அவ்வளவுதான்.

பார்வை போனவர்கள் எதற்கு ஏங்குவார்கள் என்று மற்றவர்களுக்கு ஓர் எண்ணம் இருக்கும். கடலைச் சொல்வார்கள், குழந்தைகளின் முகத்தைச் சொல்வார்கள். நான் ஏங்கியது கடைப் பலகைகளுக்கு. மயிலாப்பூரில் நடந்தாலும் தி. நகரில் நடந்தாலும் பலகைகளை வாசித்துக்கொண்டேதான் நடப்பேன். ‘தைத்து தரப்படும்’ என்று எழுதியிருந்தால் நடுவில் ஒரு ‘த்’ இல்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். ‘பாத்திர கடை’யில் ‘க்’ இருக்காது. கணவரிடம் காட்டுவேன். “ஊரையே திருத்தணுமா நீ?” என்பார். பார்வை போன பிறகு அந்தப் பிழைகளை எல்லாம் யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்களே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

எங்கள் வீடு மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில். வெளியே போவதென்றால் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான். அவர் ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எனக்குத் தெரு. மற்ற நாட்களில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, போகிற வண்டிகளைக் காதால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படியே இருக்க முடியாது என்று ஒருநாள் தோன்றி, அடையாறில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கும் பார்வை கிடையாது. என்னைவிட வயதில் சிறியவர்.

“மேடம், எல்லாரும் போன் கத்துக்கத்தான் வர்றாங்க. நான் முதல்ல குச்சிதான் சொல்லித் தருவேன். போன்ல சார்ஜ் போயிடும். குச்சில போகாது” என்றார்.

வெள்ளைக் குச்சியை இடமும் வலமுமாகத் தட்டி, குழியையும் படியையும் கண்டுபிடிக்கப் பழகிய பிறகுதான் கைபேசி வந்தது. திரையில் விரல் பட்ட இடத்தை அது வாசித்துச் சொல்லும். வரைபடத்தில் போகுமிடத்தைச் சொன்னால் எங்கே திரும்ப வேண்டும் என்று காதில் சொல்லும். காதை மூடாமல் கன்னத்து எலும்பின் மேல் உட்காரும் ஓர் ஒலிப்பான் வாங்கினேன். அதனால் பின்னால் வரும் ஸ்கூட்டர் சத்தமும் கேட்கும், கைபேசியின் குரலும் கேட்கும். கைபேசியைக் கழுத்தில் பட்டையில் மாட்டி, கேமரா வெளியே பார்க்கும்படி நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டால், எதிரே இருப்பதை அது சொல்லும்: ஆள், நாற்காலி, நிற்கும் கார். எருமை மாட்டை ஒரு தடவை சோபா என்று சொன்னது.

அதிலேயே ஒரு செயலியில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால், உலகத்தில் எங்கோ இருக்கும் தமிழ் தெரிந்த ஒரு தன்னார்வலருக்கு அழைப்புப் போகும். என் கேமராவில் தெரிவதை அவர் தன் வீட்டில் இருந்தபடியே பார்த்துச் சொல்வார். யார் எடுப்பார்கள் என்று தெரியாது. பெயர் வராது, எண் வராது. மாத்திரை அட்டையில் தேதி பார்க்க, கறிகாய் அழுகியிருக்கிறதா என்று கேட்க, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை தனியாக வெளியே கிளம்பிய அன்று கணவர் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு எனக்குத் தெரியாமல் பின்னால் வந்தார். அவர் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? மயிலாப்பூர்க் கோயில் குளம் வரைக்கும் வரட்டும் என்று ஒன்றும் சொல்லாமல் நடந்தேன். குளக்கரையில் நின்று, “வந்ததுதான் வந்தீங்க, பூ வாங்கித் தாங்க” என்றேன். வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் பின்னால் வரவில்லை.

நான் வழியைப் பழகி முடித்த சமயத்தில்தான் மெட்ரோ வேலை எங்கள் பக்கம் பெரிதாக வந்தது. சாலை நடுவே ஆளுயரத்துக்குத் தகரம் அடித்தார்கள். தகரம் வந்ததும் தெருவின் சத்தமே மாறிவிட்டது. இடப்பக்கம் போகும் பஸ், தகரத்தில் பட்டு வலப்பக்கம் போவது போலக் கேட்டது. இன்று இருந்த வழி அடுத்த வாரம் இருக்காது. வரைபடத்துக்கு இது எதுவும் தெரியாது. அது பழைய மயிலாப்பூரையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் தையல்கடையில் ரவிக்கை வாங்கக் கிளம்பினேன். பாதி வழியில் குச்சி தகரத்தில் இடித்தது. வலப்பக்கம் திரும்பினேன். அங்கேயும் தகரம். பின்னால் வந்தால் மண் குவியல். ‘இடதுபுறம் திரும்பவும், இடதுபுறம் திரும்பவும்’ என்று கைபேசி விடாமல் சொன்னது. உள்ளே எங்கோ துளை போடும் இயந்திரம் தரையை அதிரவைத்தது. கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. வரைபடத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

“வணக்கம், சொல்லுங்கோ. என்ன ஒத்தாசை வேணும்?”

வயதான பெண்குரல். பின்னால் ஏதோ இயந்திரம் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

“தகர வேலிக்கு நடுவுல மாட்டிக்கிட்டேம்மா. வெளிய போற வழி எந்தப் பக்கம்னு பார்த்துச் சொல்ல முடியுமா?”

“பதறாதீங்கோ. அப்படியே மெதுவா வலப்பக்கமா திரும்புங்கோ. இன்னும் கொஞ்சம். ம், போறும். நேரா ஒரு இடைவெளி இருக்கு. கீழ குழாய் கிடக்கு, குச்சியால பாத்துண்டு தாண்டுங்கோ.”

தாண்டினேன். முகத்தில் காற்று பட்டது. ஹாரன் சத்தம் சரியான பக்கத்திலிருந்து கேட்டது.

“ரோட்டைத் தாண்டணுமா? அதை மட்டும் நான் சொல்லப்படாது, எங்களுக்கு விதி அது. பக்கத்துல ஒரு பழவண்டி நிக்கறது. அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்கோ.”

கூப்பிடுவதற்குள் பழவண்டிப் பெண்ணே வந்துவிட்டாள். “இன்னாக்கா, அந்தாண்ட போவணுமா? கைய புடி. யோவ் ஆட்டோ, இரு நைனா, கண்ணு தெரியாதவங்க வர்றாங்கோ, இன்னா அவசரம் உனுக்கு?” என்று வண்டிகளை அதட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் கொண்டுவந்து விட்டாள்.

“ரொம்ப நன்றிம்மா. இனிமே எனக்கு வழி தெரியும்” என்று காதில் இருந்தவரிடம் சொன்னேன்.

அழைப்பை நிறுத்தக் கைபேசியில் விரலை வைத்தேன்.

“வெச்சுடாதீங்கோ” என்றார் அவர். குரல் மாறியிருந்தது. “இது மயிலாப்பூரா?”

“ஆமாம்.”

“அந்தக் கோபுரத்தைப் பாத்ததும் எனக்கு வாயே எழும்பலை. நான் பொறந்தது குளத்துக்குப் பக்கத்துத் தெருவுல. கல்யாணம் ஆகி இங்க வந்துட்டேன். கடைசியா அங்க வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இனிமே வர முடியாது. எங்காத்துக்காரருக்கு ஞாபகம் எல்லாம் போயிடுத்து. என்னைத் தவிர யாரையும் கிட்ட விடமாட்டார். இங்க இப்போ விடியக்காலம். அவர் எழுந்துக்கற வரைக்கும் எனக்குன்னு கிடைக்கற நேரம் இது. யாருக்காவது உபயோகமா இருக்கட்டுமேன்னு இதை எடுத்து வெச்சுண்டு உக்காந்திருப்பேன்.”

பிறகு கேட்டார்:

“உங்களுக்கு அவசர வேலை இருக்கா?”

“ரவிக்கை வாங்கணும். மெதுவா போய்க்கலாம்.”

“அப்போ கொஞ்ச தூரம் என்னைக் கூட்டிண்டு போறேளா?”

பார்வை போனதிலிருந்து கூட்டிக்கொண்டு போகும்படி நான்தான் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என்னிடம் ஒருவர் கேட்கிறார். கைபேசியை நெஞ்சில் நேராக்கிக்கொண்டேன்.

“வாங்கம்மா. ஆனா ஒரு நிபந்தனை. போற வழில இருக்கற பலகை எல்லாத்தையும் வாசிச்சுக்கிட்டே வரணும். எழுதியிருக்கறபடியே. பிழையைத் திருத்தக் கூடாது.”

அவர் சிரித்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நாங்கள் நடந்தோம். நான் குச்சியைத் தட்டிக்கொண்டு போக, அவர் ஒன்று விடாமல் வாசித்தார். பாத்திரக் கடை, பூஜை சாமான் கடை, செல்போன் பழுது பார்க்குமிடம், ஒரு பல் டாக்டர். “‘இங்கு வண்டி நிறுத்த கூடாது.’ நிறுத்தக்கு அப்புறம் ‘க்’ போடலை. அதுக்குக் கீழேயே ரெண்டு வண்டி நிக்கறது” என்றார். நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். யாரோ விலகிப் போனார்கள்.

“இப்போ என்ன வாசனை வரது?” என்று அவர் கேட்டார்.

“காபிக்கொட்டை அரைக்கறாங்க. கூடவே சிமெண்ட் தூசி. இந்தப் பக்கம் ஈரத் துணி வாசனை. இஸ்திரி வண்டி நிக்குதா?”

“ஆமா, நிக்கறது! எனக்கு அது எல்லாம் வராதே” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல இரண்டு தெரு திரும்பினோம். அவருக்கு வரைபடம் வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதாக ஒரு சின்னத் தெரு. சத்தம் அடங்கியது.

“இங்கதான். நில்லுங்கோ. இதுதான் எங்காம், நான் பொறந்த வீடு.”

நின்றேன்.

“எப்படி இருக்கும்மா?” என்று கேட்டேன்.

“அப்படியேதான் இருக்கு. பச்சைக் கேட்டு. ரெண்டு பக்கமும் தூண். மாடியில மரக்கம்பி போட்ட பால்கனி. கொடியில மஞ்சள் புடவை ஒண்ணு காயறது.”

என் குச்சி அதற்குள் வேறு ஒன்றைத் தொட்டுவிட்டிருந்தது. வழவழப்பான சிமெண்ட் சரிவு, கீழ்நோக்கி இறங்கியது. அதன் அடியிலிருந்து கார் எண்ணெய் வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் ஓர் ஆண்குரல் கிட்டே வந்தது.

“இன்னாம்மா, யார் வோணும்? எந்த பிளாட்டு?”

வாட்ச்மேன். அவர் கேட்டது காதில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் இயந்திரத்தின் முனகல் மட்டும் வந்தது.

“யாரும் வேண்டாங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேன்” என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, அவரிடம் கேட்டேன்: “மாடிக்குப் படி எந்தப் பக்கம்மா?”

நான் அவரைக் காப்பாற்றுவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே அந்த வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

நான் பார்த்து வைத்த உலகமும் அப்படித்தான். கணவருக்குத் தலை நரைத்து முன்பக்கம் வழுக்கை விழுந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர் பேசும்போது எனக்குத் தெரிவது அடர்ந்த கறுப்பு முடியும் பழுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியும்தான். அதை நான் மாற்றிக்கொண்டதில்லை.

“உள்ள நுழைஞ்சா வலப்பக்கம்” என்றார் அவர், மிகவும் மெதுவாக. “மரப்படி. ஒரு படி மட்டும் மிதிச்சா கத்தும். ராத்திரி நானும் எங்கக்காவும் அதைத் தாண்டித்தான் ஏறுவோம்.”

“மேல?”

“மேல ஒரே அறை. ஜன்னலைத் திறந்தா கோபுரத்துப் புறா எல்லாம் தெரியும். கீழ கூடம். கூடத்தைத் தாண்டினா சமையலறை. அதுக்குப் பின்னாடி கிணறு. கிணத்துக்குப் பக்கத்துல துவைக்கற கல். அம்மா துணி அடிக்கற சத்தத்துலதான் நான் தினமும் முழிச்சுப்பேன்.”

வாட்ச்மேன் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார். “காரு வர்ற வழிம்மா இது. இர்ரு, சேர் எட்தாறேன், ஓரமா குந்து” என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தேன். அறையறையாக, அலமாரி அலமாரியாக அந்த அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் ஒரு தடவை அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே சொன்னார். பலகைகளை வாசித்த குரல் இல்லை அது. வயது குறைந்துகொண்டே போன மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம் தூரத்தில் ஓர் ஆண்குரல் கேட்டது. “யாரு? யாரு வந்திருக்கா?”

“அவர் எழுந்துட்டார்” என்று என்னிடம் சொன்னார். பிறகு தன் கணவரிடம், “மயிலாப்பூர்லேர்ந்து பேசறா” என்றார்.

“மயிலாப்பூரா?” அந்தக் குரல் கிட்டே வந்தது. “அங்க மழை பெய்யறதான்னு கேளு.”

“இல்லைங்க, நல்ல வெயில்” என்றேன். அந்த அம்மா அதை அவரிடம் திருப்பிச் சொல்வது கேட்டது. அதோடு அழைப்பு நின்றுவிட்டது. ‘உங்கள் அழைப்பு எப்படி இருந்தது?’ என்று கைபேசி கேட்டது. நன்றாக இருந்தது என்று அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் பெயர்கூடக் கேட்கவில்லையே என்று உறைத்தது.

ராத்திரி கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இல்லாத வீட்டை இருக்குன்னு சொல்லியிருக்காங்க. நீயும் கேட்டுக்கிட்டு இருந்தியா?” என்றார்.

“உங்களுக்குத் தலை நரைச்சிருக்கா?”

“அது எதுக்கு இப்போ?”

“சும்மாதான் கேட்டேன்.”

ரவிக்கையை வாங்க மறந்துபோயிருந்தேன். அதற்காக மறுபடி போனபோது அந்தச் சின்னத் தெருவுக்கும் போனேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாட்ச்மேன் குச்சிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னாம்மா, அன்னிக்கு போன்ல பேசிகினு இருந்தியே, சொந்தக்காரங்களா? அவுங்க வூடு இங்க இருந்துச்சா?”

“ஆமாங்க. இங்க ஒரு கிணறு இருந்ததாம்.”

“இருந்துச்சா? இப்பவும் கீது. பின்னாடி வா, காட்றேன்.”

அவர் தோளில் கை வைத்துக்கொண்டு கார்களுக்கு நடுவே போனேன். கட்டடத்துக்குப் பின்னால் தரை கொஞ்சம் சாய்வாக இறங்கியது. இடுப்பளவு வட்டச் சுவரில் என் கையை எடுத்து வைத்தார். மேலே இரும்பு வலை போட்டு மூடியிருந்தது. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுவரை ஒட்டி ஒரு கல். நடுவில் தேய்ந்து பள்ளமாக இருந்தது. ஈரமாகவும் சோப்பு நுரையோடும் இருந்தது. “எம் பொஞ்சாதி இதுலதான் தொவைக்கிறா” என்றார் வாட்ச்மேன். குனிந்து இரண்டு கையாலும் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன்.

அங்கேயே நின்றபடி பொத்தானை அழுத்தினேன். ஓர் இளைஞன் எடுத்தான். “சொல்லுங்க மேடம், என்ன பார்க்கணும்?” ஒன்றுமில்லை, தவறி அழுத்திவிட்டேன் என்றேன்.

அன்றிலிருந்து பல மாதங்கள், அதே சாயங்கால வேளையில், அங்கே விடியக்காலமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஏதாவது ஒரு சாக்கில் அழுத்திக்கொண்டே இருந்தேன். உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன்! சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். யாழ்ப்பாணத் தமிழில் ஒருவர் எடுத்தார். எல்லாரும் பொறுமையாக, அன்பாகச் சொன்னார்கள். அவர்கள் பேச ஆரம்பித்த முதல் சொல்லிலேயே அவர் இல்லை என்று தெரிந்துவிடும். செயலியை நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு பக்கத்தாரின் பாதுகாப்புக்காகவும் யாரையும் யாரோடும் இணைத்துவைப்பதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த விதியைக் குறை சொல்ல மாட்டேன். தனியாக நடக்கிற என் போன்றவர்களுக்கு அது வேண்டியதுதான்.

கணவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை தி. நகருக்குப் போனபோது, நான் கேட்காமலேயே கடைப் பலகைகளை வாசிக்க ஆரம்பித்தார். பாண்டி பஜார் முழுக்க வாசித்தார். அவருக்கு ஒற்றுப்பிழை கண்ணில் படாது. எழுதியிருப்பதைச் சரியாகத் திருத்தித்தான் அவர் வாய் சொல்லும். ஒரு பிழைகூட இல்லாத பாண்டி பஜாரில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

“போதுமா?” என்று கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் வாசிங்க” என்றேன்.

போன வாரம் மாத்திரை அட்டைக்காக அழுத்தியபோது, “சொல்லுங்கோ” என்று ஒரு பெண்குரல் வந்தது. பின்னால் ஏதோ இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

“அம்மா, உங்களுக்கு மயிலாப்பூரா?”

“இல்லையே, கும்பகோணம். ஏன் கேக்கறேள்?”

அவரிடம் முழுக்கச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

“அவா மறுபடி கிடைச்சா என்ன சொல்லுவேள்?”

“கிணறு இருக்கு, அந்தக் கல்லுல இன்னும் துணி துவைக்கறாங்கன்னு சொல்லணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“நிச்சயமா கிடைப்பா” என்றார். பிறகு மாத்திரை அட்டையைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்.